பூந்தி பள்ளிக்கூடம் போகிறது

ஒன்பது மணிக்குப் போடுவார்கள். இப்போது எட்டே முக்கால். இந்தக் கால் மணி நேரத்துக்குள் கரண்டு போகக் கூடாது, கேபிள்காரன் எதையும் நோண்டக் கூடாது, மேல்வீட்டில் மோட்டார் போட்டு டி.வி.யில் கோடு கோடாக விழக் கூடாது, குழந்தைக்குத் தூக்கம் வரக் கூடாது. துளசிமணி அடுப்பின் முன்னால் தோசைத் திருப்பியைப் பிடித்தபடி ஒவ்வொன்றாக நினைத்துப் பயந்துகொண்டிருந்தாள். மற்றவர்களுக்கு ஒரு பயம் தீர்ந்தபிறகு அடுத்தது வரும். இவளுக்கு எல்லாம் ஒன்றாக வரும், ரேஷன் கடையில் பாமாயில் வந்த அன்றைக்கு மாதிரி முண்டியடித்துக்கொண்டு. தோசை கருகின வாசம் ஏறின பிறகுதான் கை நகர்ந்தது. கருகினதைத் தனக்கென்று ஓரமாக வைத்துவிட்டு இன்னொன்று ஊற்றினாள். அந்தத் தோசையும் வட்டமாக வரவில்லை. வட்டமாக வராவிட்டால் சஷ்டிகா தொடமாட்டாள், டி.வி. பொம்மைப் படத்தில் பூந்தி தின்கிற தோசை அவ்வளவு வட்டமாக இருக்கும். தட்டைக் கவிழ்த்து வைத்துக் கத்தியால் ஓரத்தைச் சுற்றி அறுத்தாள். நாற்பத்தியாறு வயதில் காலங்காத்தால தோசைக்குத் தையல்வேலை பார்க்கிறவள் சிங்காநல்லூரில் வேறு எவளாவது இருப்பாளா என்று நினைத்தாள், சிரிப்பு வரவில்லை.

உள்ளே டி.வி.யில் சோப்பு விளம்பரம் ஓடியது. சஷ்டிகா பாயில் சம்மணம் போட்டு, ரிமோட்டின் முதுகை விரலால் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அடுப்படியிலிருந்தே தெரிந்தது. தலை பின்னி, பச்சைக் கவுன் போட்டு, நெற்றியில் பொட்டு வைத்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரியே துளசிமணி தயார் பண்ணியிருந்தாள். அதை அவள் அப்பன் நாச்சிமுத்து பார்த்துவிட்டுத்தான் அந்தப் பேச்சை எடுத்தார். பம்பு கம்பெனிக்குக் கிளம்பி, செருப்பில் ஒரு காலை விட்டபடி, "பொம்மைப் படத்துக்காவ பள்ளிக்கொடத்து இன்டர்வியூவத் தள்ளி வெச்சவ இந்தக் கோயமுத்தூர்லயே நீ ஒருத்திதான் புள்ள" என்றார். "காச்சல்னு பொய் வேற. அந்தம்மா டாக்டர் சீட்டக் கேட்டா என்ன பண்ணுவே?" "கேட்டாக் குடுக்கறேனுங்க. போன மாசம் எனக்கு எழுதுன சீட்டு இருக்குதல்ல, பேரத் திருத்திப்போட்டாச் சரி." "அதுல சுகர் மாத்திரையல்ல எழுதியிருக்குது!" என்று அவர் சிரித்தார். அவரால் சிரிக்க முடிகிறது. கம்பெனிக்குப் போனால் ஆறு மணி வரைக்கும் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற மனிதருக்குச் சிரிப்பு மிச்சம் இருக்கும். போகும்போது வாசலில் நின்று தொண்டையைக் கனைத்து, அந்தப் படத்தில் வருகிற வாத்தின் குரலில், "கடலுக்குப் போறேன் பூந்தி!" என்றார். சஷ்டிகா டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், "மீனுங்கள நான் கேட்டதாச் சொல்லு!" என்றாள். தினமும் அப்பனும் மகளும் விடைபெறுவது இப்படித்தான். "போய்ட்டு வரட்டுமா அம்மிணி" என்று கேட்டால் அவளுக்கு அது சுவரில் விழுந்த சத்தம்.

ஐந்து வயது வரைக்கும் எல்லாமே அவளுக்குச் சுவரில் விழுந்த சத்தமாகத்தான் இருந்தது. சஷ்டி விரதம் ஆறு வருஷம் இருந்து, துளசிமணிக்கு முப்பத்தியெட்டு முடிகிற வயதில் பிறந்த பிள்ளை. அம்மா என்றும் சொல்லவில்லை, ஆட்டுக்குட்டி மாதிரிகூடக் கத்தவில்லை. பெரியாஸ்பத்திரியில் காதைப் பார்த்தார்கள், காது நன்றாக இருந்தது. தலையைப் படம் எடுத்தார்கள், அதுவும் நன்றாக இருந்தது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று கேட்கிற ஒவ்வொரு தடவையும் துளசிமணி அழுதாள். அப்புறம் ஒரு சனிக்கிழமை, இதே மாதிரி ஒரு காலை, இவள் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல், "வயித்துல எலி ஓடுது மாப்ள!" யாரோ வீட்டுக்குள் புகுந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். திரும்பினால் சஷ்டிகா. வயிற்றில் கை வைத்து நின்றாள். பூந்தி என்கிற பொம்மைப் பிராணி சொல்வது அது. கரடியா பன்றியா என்று இன்றைக்கு வரைக்கும் இவளுக்குத் தீரவில்லை, மஞ்சள் வயிறும் தட்டை மூக்குமாக ஒன்று. அதன் சிநேகிதன் டமாரம் என்கிற வாத்து. பசித்தால் பூந்தி அந்த வார்த்தையைச் சொல்லும், டமாரம், "எலிக்கு ஒரு எலும்பு போடுவோம் மாப்ள" என்று பதில் சொல்லும். அன்றைக்குத் துளசிமணிக்குப் பதில் தெரியவில்லை. பெற்ற பிள்ளை முதல்முதலாக வாயைத் திறந்து தன்னை மாப்ள என்று கூப்பிடுகிறது, அதற்கு என்ன பதில் சொல்வது? "என்னடா கண்ணு, என்னடா சாமி" என்று கட்டிக்கொண்டாள். சஷ்டிகா திமிறிக்கொண்டு, இவளுடைய தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, மறுபடியும் அதையே சொன்னாள். மறுபடியும். மத்தியானம் வரைக்கும் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை துளசிமணி காத்திருந்து, வாத்து என்ன சொல்கிறது என்று காதால் பிடித்துக்கொண்டு, திருப்பிச் சொன்ன பிறகுதான் பிள்ளை இட்லியைத் தொட்டது.

அதிலிருந்து நோட்டுப் போட்டாள். ஏழாவதோடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் போகும், ஒரு வரி எழுத ஒரு விளம்பர நேரம் ஆகும். இந்தப் பக்கம் பூந்தி சொல்வது, அந்தப் பக்கம் டமாரத்தின் பதில், ஓரத்தில் அதற்கு நம் வீட்டில் என்ன அர்த்தம் என்று. கப்பல் கிளம்புது வழி விடு என்றால் கக்கூஸ். எனக்குக் காத்து இறங்குது என்றால் வலிக்கிறது அல்லது பயமாக இருக்கிறது, எது என்று முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பதில் ஒரு முறை என்ன வந்ததோ அதுதான் அவளுக்கு என்றைக்கும் பதில். மாற்றிச் சொன்னால் விடமாட்டாள், சரியான பதிலை அவளே எடுத்துச் சொல்லித் திருத்துவாள், வாத்தியார் மாதிரி. அறுபத்தியொரு வரி சேர்ந்தது. அதற்கு மேல் சேரவில்லை. இரண்டு வருஷமாகப் போட்ட படத்தையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். அறுபத்தியொரு வரிக்குள் ஒரு பிள்ளை பசித்து, வலித்து, தூங்கி, சிரித்து வாழ்கிறது, அதற்குள் இல்லாதது எதுவும் அதற்குக் கிடையாது. துளசிமணிக்குச் சில நேரம் மூச்சு முட்டும். பிள்ளைக்கு முட்டுகிறதா என்று கேட்க அந்த அறுபத்தியொன்றில் வரி இல்லை.

பேச்சுப் பயிற்சிக்குப் போகிற இடத்தில் ஒரு பெண், சின்ன வயசுக்காரி, கண்ணாடி போட்டவள், நல்லவள்தான், "டி.வி.ய மொதல்ல நிறுத்துங்கம்மா, இதெல்லாம் கிளிப்பிள்ளைப் பேச்சு" என்றாள். துளசிமணி நிறுத்திப் பார்த்தாள். பன்னிரண்டு நாள். பிள்ளை பேசுவதை நிறுத்தியது, தின்பதை நிறுத்தியது, பதின்மூன்றாம் நாள் மறுபடி போட்டுவிட்டு அங்கே போய்ப் பொய் சொன்னாள். அந்தப் பொய் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. ஒருவேளை அந்தப் பெண் சொன்னதுதான் சரியாக இருந்தால்? ஒருவேளை இன்னும் பத்து நாள் பொறுத்திருந்தால் பிள்ளை தானாக ஒரு வார்த்தை சொல்லியிருக்குமோ, அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்திருக்குமோ, தானே கொண்டுபோய் அதன் வாயில் பூந்தியை வைத்து அடைத்துவிட்டேனோ? இந்த இடத்துக்கு வந்தால் இவள் நினைப்பு மேலே போகாது. செக்கில் மாடு மாதிரி இதையே சுற்றும். சட்னியில் உப்புப் போட்டோமா என்று நக்கிப் பார்த்தாள். போட்டிருந்தது. சந்தேகத்துக்கு இன்னும் கொஞ்சம் போட்டாள்.

எட்டு ஐம்பத்திரண்டு. மூன்று பள்ளிக்கூடம் ஏறி இறங்கியாகிவிட்டது. முதலாவதில், "இவளுக்கேத்த எடம் வேற இருக்கும்மா" என்றார்கள். எங்கே என்று சொல்லவில்லை. இரண்டாவதில் கேட்டிலேயே சஷ்டிகா, "கப்பல் கிளம்புது, வழி விடு!" என்று கத்த, அங்கிருந்தவர்கள் சிரித்து முடிப்பதற்குள் கவுன் நனைந்துவிட்டது. மூன்றாவதை நினைக்காமல் இருப்பது நல்லது. இந்த நாலாவதில்தான் தலைமையாசிரியை அம்மா உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். "ஏழரை வயசு ஆயிருச்சு. இந்த வருஷம் ஒண்ணாவதுல சேர்த்தலைன்னா அப்புறம் நானே நெனச்சாலும் முடியாதுங்க. ஒரே ஒரு எடம் இருக்கு. பெரிசா ஒண்ணும் வேண்டாம். பேரு என்ன, யாரு கூட வந்தே, என்ன புடிக்கும். மூணு கேள்வி. ஏதோ ஒண்ணுக்காச்சும் அவளாப் பதில் சொல்லட்டும், நான் மேல பேசிக்கிறேன்." புதன்கிழமை வரச் சொன்னார். பேருக்கு இவள் வழி வைத்திருந்தாள். படத்தில் ஒரு காவல் ஆந்தை வரும், "யாரங்கே! பேரைச் சொன்னால் கதவு திறக்கும்!" என்று அலறும், "நான்தான் பூந்தி" என்று இது சொல்லும். அந்தப் பூந்தியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சஷ்டிகாவை வைக்க இவளுக்கு நாலு மாதம் பிடித்தது. இப்போது ஆந்தைக் குரலில் கேட்டால் பத்துக்கு ஏழு தடவை, "நான்தான் சஷ்டிகா" என்கிறாள். ஆனால் தலைமையாசிரியை ஆந்தை மாதிரி அலறுவாரா? "டீச்சர், கொஞ்சம் கண்ணை உருட்டிட்டுக் கேளுங்க" என்று எப்படிச் சொல்வது? சொல்லத்தான் நினைத்தாள். நாலு நாள் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் விளம்பரம் வந்தது. நீலச் சட்டை போட்டு, பை மாட்டி, பூந்தி ஒரு கேட்டுக்கு முன்னால் நிற்கிறது. "புதிய சீசன்! பூந்தி பள்ளிக்கூடம் போகிறது! வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு!" துளசிமணி விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போனால் டீச்சர் வருவாள். டீச்சர் வந்தால் பேரைக் கேட்பாள். பூந்தி பதில் சொல்லும். வணக்கம் டீச்சர் என்னும், எனக்கு வாழைப்பழம் பிடிக்கும் என்னும், அம்மாகூட வந்தேன் என்னும். அத்தனையும் சஷ்டிகா ஒரே பார்வையில் எடுத்துக்கொள்வாள், கடற்பஞ்சு தண்ணீரை எடுப்பது மாதிரி. திங்கட்கிழமை போய் நின்றால் போதும், ஆந்தை வேண்டாம். கடவுளே பார்த்து அனுப்பினது என்று அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள். குழந்தைக்குக் காய்ச்சல், திங்கட்கிழமை வரட்டுங்களா? அந்தப் பக்கம் தலைமையாசிரியை அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "திங்கட்கிழமைக்கு மேல முடியாதுங்க, வேற ரெண்டு பேர் கேட்டுட்டு இருக்காங்க" என்றார். அந்தக் கொஞ்ச நேரத்தை மூன்று நாளாக இவள் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருக்கிறாள். பொய் என்று தெரிந்துவிட்டதோ? புதன்கிழமையே போயிருந்தால் சுலபமாக முடிந்திருக்குமோ? விளம்பரத்தில் வெறும் பாட்டும் அறிவிப்பும்தான், பூந்தி வாயைத் திறக்கவில்லை. அது அன்றைக்கு இவளுக்கு உறைக்கவில்லை.

ஒன்பது அடித்ததும் பாட்டு வந்தது. பாட்டே வேறு. பழைய பாட்டில் தகரம் தட்டுகிற சத்தம் இருக்கும், சஷ்டிகா அதற்குத் தோளை ஆட்டுவாள். இதில் ஏதோ டிஸ்கோ மாதிரி. தோள் ஆடவில்லை. பரவாயில்லை, பாட்டுத்தானே. துளசிமணி தட்டை வைத்துவிட்டுப் பாயின் ஓரத்தில், நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தாள். முட்டி கெஞ்சியது. படம் பளபளவென்று இருந்தது, கழுவி எண்ணெய் தடவினது மாதிரி, பூந்தியின் கண் முன்னைவிடப் பெரிசு. இது அதுதானா? மஞ்சள் வயிறு இருக்கிறது, தட்டை மூக்கு இருக்கிறது. அதுதான். வாயைத் திற சாமி, பேசு. பூந்தி படுக்கையிலிருந்து எழுந்து, சோம்பல் முறித்து, வாயைத் திறந்தது. "வணக்கம் நண்பர்களே! இன்று எனது பள்ளியின் முதல் நாள். நான் மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறேன்!" ஆம்பிளைக் குரல். செய்தி வாசிக்கிறவன் மாதிரி அழுத்தம் திருத்தமாக. பழைய பூந்திக்குத் தொண்டையில் கொஞ்சம் சளி கட்டின மாதிரி ஒரு பொம்பிளைக் குரல், பேசும்போதே சிரிப்பு நழுவும். அந்தப் பொம்பிளைக்கு என்ன ஆனது? செத்துப்போய்விட்டாளா, கல்யாணமாகிப் போய்விட்டாளா, வேண்டாமென்று அனுப்பிவிட்டார்களா? முகம் தெரியாத அந்தப் பொம்பிளை இரண்டரை வருஷமாக இந்த வீட்டில் சோறு கேட்டிருக்கிறாள், தண்ணீர் கேட்டிருக்கிறாள், காய்ச்சலில் அனத்தியிருக்கிறாள். டமாரம் வந்தது. "என் அருமை நண்பனே, விரைவாகப் புறப்படு!" அதுவும் வேறு ஆள். துளசிமணியின் பேனா நோட்டில் குத்தி நின்றது.

பிள்ளையைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தாள். சஷ்டிகா அசையவில்லை, ரிமோட்டைத் தட்டுவது மட்டும் நின்றிருந்தது. பிறகு மெதுவாக எழுந்தாள். டி.வி.க்குப் பக்கவாட்டில் போய், சுவருக்கும் டி.வி.க்கும் நடுவில் இருந்த இடுக்கில் தலையை விட்டுப் பார்த்தாள். வயரைத் தூக்கிப் பார்த்தாள். அங்கே தூசியும் ஒரு பழைய பொட்டும்தான் இருந்தன. முன்பக்கம் வந்து, பூந்தியின் வாய்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். கைக்கு அடியிலிருந்து, "தாயே, எனது காலணிகள் எங்கே?" என்றது ஆம்பிளைக் குரல். "எனக்குக் காத்து இறங்குது" என்றாள் சஷ்டிகா. வலியா பயமா என்று முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இன்றைக்கு இருக்கவில்லை. "ஊதி ஊதிப் பெருசாக்குவேன் மாப்ள" என்று துளசிமணி சட்டென்று வாத்தின் பதிலைச் சொன்னாள், ஆனால் அந்த வாத்து அங்கே திரையில் நின்று வேறு குரலில் வேறு என்னமோ பேசிக்கொண்டிருந்தது, இரண்டும் ஒன்றோடொன்று மோதின. "காத்து இறங்குது! காத்து இறங்குது!" காதைப் பொத்திக்கொண்டு, மண்டையைப் பின்னால் சாய்த்து, சஷ்டிகா அலறினாள். தட்டில் கால் பட்டு வட்டத் தோசை தரையில் போனது. "துளசியக்கா, என்னாச்சுங்க, விழுந்துட்டாளா?" என்று மேல்வீட்டுப் பெண் படியிலிருந்து கேட்டாள். "ஒண்ணுமில்லீங்க, தோச சுட்டுப்போச்சு" என்று இங்கிருந்தே கத்தினாள். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது. பிள்ளைக்கு ஒரு வார்த்தை வருவதற்கு உயிர் போகிறது, தனக்குப் பொய் மட்டும் வாய் திறந்தால் கொட்டுகிறது.

நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் பூந்தியும் போய்விடும். திங்கட்கிழமை கையில் ஒன்றும் இருக்காது. ஏழாவதில் தன்னை வெயிலில் நிறுத்தினது ஞாபகம் வந்தது, செய்யுள் சொல்லத் தெரியாமல் வெளியே நின்ற அந்த மத்தியானம், ஜன்னலுக்கு உள்ளே எல்லாரும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள், தனக்கு அது தெரிந்துதான் இருந்தது, எழுப்பிக் கேட்டபோது மட்டும் வாய் வரவில்லை. பிள்ளையை அப்படி எங்கேயாவது நிறுத்திவிட்டுத் தான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? ரிமோட்டைப் பிடுங்கினாள். ஒலியைக் குறைக்கிற பொத்தானை முடிகிற வரைக்கும் அழுத்தினாள். வீடு சட்டென்று அமைதியானது, சஷ்டிகாவின் அலறல் மட்டும் நடுவில் தனியாக நின்று, தன் சத்தம் தனக்கே அதிகமாகத் தோன்றினது மாதிரி அடங்கியது. திரையில் பூந்தி வாயை அசைத்துக்கொண்டு பல் தேய்த்தது. துளசிமணி மூக்கை உறிஞ்சிவிட்டு, தொண்டையில் கொஞ்சம் சளியை வரவழைத்துக்கொண்டு, "அடேயப்பா, இந்தப் பேஸ்ட்டு காரமா இருக்குதே மாப்ள!" என்றாள்.

சஷ்டிகா திரும்பினாள். இது நோட்டில் இல்லாத வரி. பூந்தி இதுவரைக்கும் சொல்லாதது. ஆனால் குரல் பூந்தியினுடையது, இரண்டரை வருஷம் வீட்டில் தினமும் பேசிப் பேசி இவளுக்குப் படிந்துபோனது. பிள்ளை ஒரு அடி எடுத்து வைத்தாள். துளசிமணி விடாமல் பேசினாள். வாத்து வந்தால் வாத்து மாதிரி, பூந்தி வந்தால் பூந்தி மாதிரி, என்ன கதை என்று தெரியாமல், அடுத்து என்ன படம் வரும் என்று தெரியாமல், வாய் அசைகிறபோதெல்லாம் எதையாவது போட்டு நிரப்பினாள். "சட்டைப் பொத்தான் எங்க போச்சு மாப்ள?" "எலி தின்னுபோட்டு ஏப்பம் விட்டுருச்சு பூந்தி!" வியர்த்துக் கொட்டியது. சஷ்டிகா வந்து இவள் மடிக்கு முன்னால் உட்கார்ந்தாள். திரையைப் பார்க்கவில்லை. இவளுடைய வாயைப் பார்த்தாள். அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு நேரம், பிள்ளை இவள் முகத்தைப் பார்த்தது இதற்கு முன்னால் இல்லை. டீச்சர் எப்போது வருவாள்? டீச்சர் வந்தால் பேரைக் கேட்க வைத்துவிடலாம், எனக்கு வாழைப்பழம் பிடிக்கும் என்று சொல்ல வைத்துவிடலாம், எல்லாம் தன் கையில்தானே இருக்கிறது. கடவுள் பார்த்து அனுப்பினதுதான். 

பூந்தி பையை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தது. கூடவே இன்னொன்று வந்தது. பூந்தி மாதிரியே, ஆனால் பெரிசு, சேலை மாதிரி என்னமோ சுற்றிக்கொண்டு, தோளில் பை. பூந்தியின் அம்மா. இத்தனை வருஷத்தில் பூந்திக்கு அம்மா உண்டென்று காட்டினதே இல்லை. அது குனிந்து, பூந்தியின் கன்னத்தைப் பிடித்து, பேச ஆரம்பித்தது. அதற்கு என்ன குரல் என்று துளசிமணிக்குத் தெரியாது. வாய் அசைகிறது, நேரம் போகிறது, பிள்ளை இவள் வாயையே பார்க்கிறது, தேடுவதற்கு நேரமில்லாமல் தன் குரலிலேயே சொன்னாள். "போய்ட்டு வா கண்ணு. பயப்படாதே. சோத்தைச் சிந்தாமத் தின்னோணும். தண்ணி வேணும்னாக் கேக்கோணும்." அந்தப் பெரிய பொம்மை இன்னும் பேசிக்கொண்டிருந்தது. "டீச்சர் பேரைக் கேட்டாச் சொல்லிப்போடு சாமி. சொல்லலீன்னா வெளிய அனுப்பிச்சுருவாங்க. அப்பறம் எங்கயும் சேத்திக்க மாட்டாங்க." இன்னும் பேசியது. எவன் எழுதினான் இவ்வளவு நீளமாக, ஒரு பிள்ளையைக் கேட்டில் விடுவதற்கு இவ்வளவு பேச்சா? துளசிமணியிடம் சொல்ல வேண்டியது தீர்ந்துபோனது. தீர்ந்த இடத்துக்கு அடியில் வேறொன்று கிடந்தது, எப்போதும் கிடப்பது. அதன்மேல் பாயை விரித்து, கல்லை வைத்து, உட்கார்ந்து, தோசை சுட்டு, நோட்டு எழுதிக்கொண்டிருந்தாள் இவ்வளவு நாளும். வாய் அசைவுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே என்கிற அவசரத்தில் அதைக் கொடுத்துவிட்டாள். "நான் செத்துப்போய்ட்டா உன்னைய யாரு பாப்பாங்க?"

அதோடு அந்தப் பெரிய பொம்மை வாயை மூடிக்கொண்டது. பூந்தி தலையை ஆட்டிவிட்டு உள்ளே ஓடியது. அது பதில் ஒன்றும் சொல்லவில்லை. துளசிமணி வாயைப் பொத்தினாள். பொத்தின கையை சஷ்டிகா எடுத்துவிட்டாள். "நான் செத்துப்போய்ட்டா உன்னைய யாரு பாப்பாங்க?" என்றாள். தெளிவாக. ஒரு எழுத்து பிசகாமல். செத்துப்போய்ட்டா என்கிற இடத்தில் குரல் உடைந்ததே, அந்த உடைசலையும் அப்படியே எடுத்திருந்தாள். பூந்தியின் குரல் இல்லை அது. இவளுடைய குரல். ஏழரை வருஷமாக, குளிக்க வைக்கும்போதும் சோறு ஊட்டும்போதும், அம்மா சொல்லு, அம்மா சொல்லு என்று கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டு, தன் வாயிலிருந்து ஒரு வார்த்தையாவது அந்த வாய்க்குள் போகாதா என்று மலைக்கோயில் ஏறி வேண்டி நின்றவளுக்கு, போய்விட்டது. முதல்முதலாக. போனது இது. கட்டிக்கொள்வதா கன்னத்தில் போட்டுக்கொள்வதா என்று தெரியாமல் கை அந்தரத்தில் நின்றது. "வேண்டாம் கண்ணு, அது வேண்டாம், வணக்கம் டீச்சர் சொல்லு, வணக்கம் டீச்சர்..." பூந்திக் குரலில் சொன்னாள், வாத்துக் குரலில் சொன்னாள், ஆந்தைக் குரலில்கூடச் சொன்னாள். சஷ்டிகா இவளுடைய தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "நான் செத்துப்போய்ட்டா உன்னைய யாரு பாப்பாங்க?" பதில் வேண்டும். பதில் வராமல் விடமாட்டாள். துளசிமணி என்ன சொல்லலாம் என்று பார்த்தாள். சாமி பாத்துக்கும் என்று சொல்லலாம். உங்கொப்பன் இருக்கறார் என்று சொல்லலாம், அவருக்கு ஐம்பத்திமூன்று. ஒரு பெரிய வீடு, அங்கே நல்லவர்கள் இருப்பார்கள் என்று சொல்லலாம். ஒருமுறை சொன்னால் அதுதான் என்றைக்கும் பதில், சாகிற வரைக்கும் பிள்ளை அதைத்தான் வைத்திருக்கும், அப்படி வைத்திருக்கிற ஒன்று பொய்யாக இருக்கக் கூடாது. சின்ன விரல்கள் தாடை எலும்பில் அழுந்தின. "தெரியலியே கண்ணு" என்றாள்.

சஷ்டிகாவின் முகம் விரிந்தது. தாடையை விட்டாள். கேள்வியும் பதிலும் ஒன்றோடொன்று கொக்கி மாதிரி மாட்டிக்கொண்ட திருப்தி. எழுந்து, பாயைச் சுற்றி நடந்து, முதலில் கேள்வி, அப்புறம் பதில், இரண்டையும் தானே சொல்லிப் பார்த்தாள், "தெரியலியே கண்ணு" என்று முடிக்கிறபோது சிரித்தாள். நல்ல சிரிப்பு, பல் தெரிகிற சிரிப்பு. தரையில் கிடந்த தோசையை எடுத்துத் தின்றாள், வட்டமா என்று பார்க்கவில்லை. படம் முடிந்து வேறு என்னமோ சத்தமில்லாமல் ஓடியது. துளசிமணி உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. தலைமையாசிரியை அம்மாவின் மேஜையும், மேஜையின் மேல் தண்ணீர் டம்ளரும், மூன்று கேள்வியும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. ஏதோ ஒன்றுக்காவது அவளாகப் பதில் சொல்லட்டும் என்றாரே. அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் பிள்ளை முந்திக்கொண்டு கேட்டுவிடுவாள்.

பத்து மணி டீக்கு நாச்சிமுத்து போன் பண்ணினார். பின்னால் ஏதோ மெஷின் இழுத்துக்கொண்டிருந்தது. "ஏம்புள்ள, படம் பாத்தாச்சா? புதுசா ஏதாச்சும் புடிச்சாளா?" "புடிச்சாளுங்க." "அட்ரா சக்கைன்னானாம்! என்னன்னு?" துளசிமணி போனை அடுத்த காதுக்கு மாற்றினாள். அதற்குள் சஷ்டிகா கிட்டத்தில் வந்து, அப்பனின் குரலைக் கேட்டு, போனுக்குள் வாயை வைத்துச் சொன்னாள். "நான் செத்துப்போய்ட்டா உன்னைய யாரு பாப்பாங்க?"  அவர் சிரித்தார். "இதென்ன புள்ள, பொம்மைப் படத்துல இப்பிடியெல்லாம் வசனம் வெக்கறாங்க!" பிள்ளை எதைக் கேட்டாலும் பதில் சொல்லியாக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வாத்தின் குரலில், உற்சாகமாகச் சொன்னார். "நான் இருக்கறனல்ல மாப்ள, நான் பாத்துக்கறேன்!"

"தெரியலியே கண்ணு" என்று சஷ்டிகா அவரைத் திருத்தினாள்.